கண்ணாடி பிடித்தவன்

அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெரிய கட்டடங்களில் லிப்ட் பழுது பார்க்கும் வேலை. மற்றவர்கள் சொகுசாக ஏறி இறங்குவார்கள். அவன் மொட்டை மாடி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். சின்ன வயசுக் கூட்டாளிகளுக்கு அவன் இன்றைக்கும் 'கண்ணாடி'தான். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டதால் வந்த பெயர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவனும் திருத்தப் போவதில்லை.

எண்பதுகளில் பிள்ளையாக இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தியேட்டரில் படம் ஓடும்போது பிலிம் அறுந்து போகும். ஆபரேட்டர் கெட்டுப்போன இடத்தை வெட்டிவிட்டு மீதியை ஒட்டுவார். வெட்டிய துண்டு பின்பக்க ஜன்னல் வழியாக வந்து விழும். அந்த ஜன்னலுக்குக் கீழே தவம் கிடப்பதுதான் அன்றைய பொடியன்களின் உத்தியோகம். சண்டைத் துண்டு ஒன்று வேண்டுமானால் அழுகைத் துண்டு நாலு கொடுக்க வேண்டும். கதாநாயகி சிரிக்கிற துண்டு வைத்திருப்பவன் நடக்கிற நடையே வேறு. வெறும் வானமும் மரமும் கிடைத்தவன் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். கண்ணாடியிடம் பிஸ்கட் டின் நிறைய இருந்தது. எல்லாம் அவனே பொறுக்கியவை.

படம் காட்டுவது அவனுடைய அண்ணனின் இலாகா. பியூஸ் போன குண்டு பல்பின் குடலைப் பக்குவமாக உருவிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் தயார். அறையை இருட்டாக்கி, ஜன்னலை அட்டையால் அடைத்து, அட்டையில் ஓர் ஓட்டை. வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி, வெளிச்சத்தை அந்த ஓட்டைக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே அண்ணன் பிலிமை பல்புக்கு முன்னால் பிடிப்பார். சுவரில் படம் விழும். சூரியன் யாருக்காகவும் நிற்காதல்லவா? கண்ணாடியை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஆடினால் கதாநாயகன் கூரைக்கு ஓடிவிடுவான்.

எல்லோரும் பிடித்துப் பார்த்தார்கள், ஒருவனுக்கும் கை நிற்கவில்லை. "உன் கைதான்டா கை" என்று அண்ணன் இவனிடம் சொன்னார். ஏழு வயசுக்காரனுக்கு அது போதாதா? விடுமுறை தவறாமல் வெயிலில் நின்றான். உள்ளே விசில் பறக்கும், கைதட்டல் கேட்கும். அவன் பொறுக்கி வந்த படம், அவன் அனுப்பிய வெளிச்சம், ஆனால் சுவரை ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை. கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டான். "அடுத்த ஷோடா" என்றார் அண்ணன். அடுத்த ஷோ வருவதற்குள் எல்லோருக்கும் மீசை முளைத்துவிட்டது.

கூட்டாளிகள் இப்போது வாட்ஸப்பில் குழு வைத்திருக்கிறார்கள். "அந்தச் சண்டை சீன் ஞாபகம் இருக்காடா கண்ணாடி? செவுரே அதிர்ந்துச்சே!" என்று எவனாவது ஆரம்பிப்பான். இவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். இத்தனை வருஷம் கழித்து 'நான் பார்க்கவே இல்லை' என்று சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட, ஐயோ பாவம் என்பார்கள்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறதாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாக இருட்டிவிடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"ஒரு கண்ணுலதான் தம்பி மங்கல், இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குன்னு இவர் சாதிக்கிறார். எனக்கென்னமோ பயமா இருக்கு."

அண்ணன் ஜவுளிக் கடையில் துணி விற்றவர். ஒரே பச்சையை எட்டுப் பச்சையாகப் பிரித்துச் சொல்லி, வேண்டாம் என்று வந்தவரையும் வாங்க வைக்கிற வாய். அந்தக் கண் போகப் போகிறது என்றதும் இவனுக்கு வேலை ஓடவில்லை. அழுகையோடு கூடவே ஓர் ஆசையும் வந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை அந்தச் சுவரைப் பார்த்துவிட வேண்டும். அண்ணனுக்குப் பார்வை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தனியாகப் பார்ப்பதானால் எப்போதோ பார்த்திருப்பானே.

குண்டு பல்பு ஒன்று பழைய மோட்டார் அறையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டின்னோடு போய் நின்று விஷயத்தைச் சொன்னான். அண்ணனுக்கு முகமெல்லாம் வாய்.

"அடப்பாவி, இன்னுமா வச்சிருக்க? சரி, வெயில் நல்லா இருக்கு. போ, கண்ணாடிய எடுத்துக்கிட்டு வெளிய போ."

"நான் இன்னிக்கு உள்ள இருக்கேண்ணே. அண்ணி புடிப்பாங்க."

"அவளா? அவ கையி தாளம் போடும்டா!"

"நான் புடிக்கிறேன், நீங்க உள்ள போங்க தம்பி" என்று அண்ணி குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஓட்டை போட்ட அட்டையால் ஜன்னலை அடைத்ததும் அறை இருண்டது. அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பல்பை ஸ்டூல்மேல் நிறுத்தினான். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து பல்பைத் தொட்டது. டின்னிலேயே ஒசத்தியான துண்டை எடுத்தான். மாடிப்படியில் ஒரு பெண் நின்று சிரிக்கிறாள். நேராகப் பிடித்துப் பல்புக்கு முன்னால் காட்டினான்.

சுவரில் படம் விழுந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிசு! சாயமெல்லாம் போய் மொத்தமும் செக்கச்செவேல் என்று இருந்தது. ஆனால் அவள் தலைகீழாகத் தொங்கினாள். படி மேலே, முகம் கீழே.

தண்ணீர் ஊற்றிய பல்பு படத்தைக் கவிழ்த்துத்தான் போடும். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் சுவரில் நிமிரும். உள்ளே உட்கார்ந்து பார்த்த வாண்டுகள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே நின்றவனுக்கு யார் சொன்னது? அந்தக் காலமாக இருந்தால் அண்ணன் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பார். அதை எதிர்பார்த்தே இவன் அசடு வழியத் திரும்பினான்.

"ஆகா! என்னா தெளிவு!" என்றார் அண்ணன். "எப்படி நிக்கிறா பாரு மகராசி. அந்த மஞ்சள் கலரப் பாத்தியாடா? இப்பல்லாம் எவன் அப்படிச் சாயம் போடுறான்?"

இவன் பிலிமை எடுத்துவிட்டான். சுவரில் வெறும் வெள்ளை வட்டம் நின்றது. டின் மூடி சத்தம் கேட்டு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்ததா? அடேயப்பா, இது அதவிட ஜோர்!"

ஒரு கண்ணாவது மிச்சம் இருக்கும் என்று நம்பி வந்தவன் கையிலிருந்த பிலிமை டின்னுக்குள் வைத்தான்.

"என்னடா, பேச்சையே காணோம்? உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"எனக்கும் நல்லாத் தெரியுது" என்று அண்ணன் தம்பியின் தோளைத் தட்டக் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது. இவன் குனிந்து தோளைக் கொண்டுபோய் அந்தக் கைக்கு அடியில் வைத்தான்.

வெளியிலிருந்து அண்ணி கேட்டார்: "கை கடுக்குது தம்பி, போதுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் புடிங்க அண்ணி" என்றான். "அண்ணன் பாத்துக்கிட்டு இருக்கார்."