மேட்டு லயத்தில் ஏது வெள்ளம்

வெள்ளம் வந்த வருஷம் என்றால் மலாயாவின் பேராக்கில் என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்த வருஷம் என்று சொல்லிப் பாருங்கள், "எந்த வருஷம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதுதான் எல்லா வருஷமும் வந்ததே, என்ன செய்ய!

ஈப்போவுக்குத் தெற்கே ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற மேட்டு லயத்தில் நானும் என் அக்காவும் இருந்தோம். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே அடுப்பு. பால் வெட்டி முடித்து வந்து, கைப் பிசுபிசுப்பைத் தேய்த்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். கங்காணி மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள். அந்தச் சாயங்காலங்களுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில் குளிர்காய்ச்சலுக்கு 'சும்மா காய்ச்சல்' என்றுதான் பேர். அம்மை என்றால் பயப்படுவோம், வாந்திபேதி என்றால் அலறுவோம். இது மட்டும் சும்மா. பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோனாலும் சும்மா காய்ச்சல்தான். ஒரு வீட்டில் ஒருத்தர், அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் ஒருத்தர் என்று போனால் யார் கூடிப் பார்ப்பார்கள்?

அந்த வருஷம் ஆறு பெருகிப் பள்ளத்து லயத்துக்குள் புகுந்துவிட்டது. ஜனங்கள் கூரைமேல் ஏறித் தப்பினார்கள். தண்ணீர் வடிந்ததும் வெளியூர்த் தொரைமார்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், அரிசி கொடுத்தார்கள். அடிபட்டவர்களை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு லாரியும் வந்தது. அக்காவோ காய்ச்சலில் படுத்த படுக்கை. கண் மஞ்சளாகிவிட்டது, கஞ்சி இறங்கவில்லை. தோட்டத்தில் மருந்தும் தீர்ந்திருந்தது.

கங்காணியிடம் ஓடினேன். "அண்ணே, அக்காவையும் ஏத்திக்கிடச் சொல்லுங்கண்ணே."

"லாரி வெள்ளத்துக்கு வந்திருக்கு தங்கச்சி. மேட்டு லயத்துல ஏது வெள்ளம்?"

எனக்கு வந்ததே கோபம்! பள்ளத்துச் சேற்றை அள்ளி வந்து அக்காவின் சேலையெல்லாம் பூசினேன். "பள்ளத்து லயம்னு சொல்லு, வேற வாயத் தொறக்காத" என்று காதில் ஓதி, தோளில் தாங்கிக் கொண்டுபோய் லாரியில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து காயத்துக்குக் கட்டுப்போட வந்திருந்த டிரெசர் நல்ல மனுஷர். குனிந்து, "வெள்ளத்துல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அக்கா, பக்கத்தில் கால் ஒடிந்து கிடந்தவனைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்கய்யா. எனக்குச் சும்மா காய்ச்சல்தான்."

"அடிப் பாவி!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரித்தாள். "வீடு போனவங்க போகட்டும்டி. நமக்குக் கூரை இருக்கே."

"காய்ச்சலுக்கு எனக்கு உத்தரவு இல்லம்மா" என்று டிரெசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறக்கிவிட்டார்கள். லாரியில் இன்னும் இரண்டு பேர் படுக்க இடம் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரமே போய்விட்டாள். பள்ளத்து லயத்துப் பெண்கள் வந்து, தங்களுக்குக் கிடைத்த புதுக் கம்பளி ஒன்றை அவள்மேல் போர்த்தினார்கள். தொரைமார் கொடுத்த உதவியில் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தது அது ஒன்றுதான்.