தோளில் கிடந்த துண்டு

எனக்குக் கோபம் வந்தால் கை நன்றாக ஓடும் என்றொரு நினைப்பு அந்த வயதில் இருந்தது. அது எத்தனை பெரிய மடத்தனம் என்பதை நாகர்கோவிலில், கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் ஒரு கல்லச்சுக்கூடத்தில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. சோப்பு உறை, தைலக்குப்பிச் சீட்டு என்று வரைந்துகொண்டிருந்த எனக்கு முதன்முதலாக ஒரு புத்தகம் கிடைத்தது. இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம். சந்தையைப் பற்றிய பாடத்துக்கு ஒரு முழுப்பக்கப் படம். என் அப்பா பனையேறி. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு பனையேறி கிடையாது. இருந்திருந்தாலும் மரத்தின் உச்சியில் காக்காய் அளவுக்குத்தான் இருந்திருப்பார். அதனால் சந்தையின் நடுவில் அப்பாவை நிறுத்தினேன். இடுப்பில் அரிவாள்பெட்டி. பனை உரசி உரசிக் காய்ப்பேறிய நெஞ்சு. எதிரே நிற்கும் பண்ணையாருக்குக் கருப்பட்டி எடுத்துக் கொடுக்கும் கை. தோளில் துண்டு.

அந்தத் துண்டுதான் வினையாயிற்று. எங்கள் பக்கத்தில் பண்ணையாரைக் கண்டால் அப்பாவைப் போன்றவர்கள் தோளில் கிடப்பதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். மாதிரிப் படத்தைப் பார்த்த அச்சுக்கூட மானேஜர், "துவர்த்தை எறக்கி இடுப்புல கெட்டிருலே. பண்ணையாருமாரு நடத்துக பள்ளிக்கூடத்துக்குப் போற புஸ்தகமாக்கும்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில் கண்ணை மூடிப் பாடுகிறவர். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. நேரே உள்ளே போய், துண்டைத் தோளில் விட்டே கல்லில் வரைந்துவிட்டேன்.

கல்லச்சில் எதையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். தாளில் விழும்போது அது திரும்பிக்கொள்ளும். மூன்று வருடம் பழகிய பாடம். அன்றைக்குக் கோபத்தில் நேராகவே வரைந்திருக்கிறேன். முதல் தாளை உரித்தால், அப்பா பண்ணையாருக்கு இடது கையால் கருப்பட்டி நீட்டுகிறார்! கூடம் முழுக்கச் சிரித்தது. மானேஜர் சிரிக்கவில்லை. "வேணும்னே செய்தியாலே?" என்றார். மறதி என்று சொன்னேன், நம்பவில்லை. கல்லைத் தேய்த்து மறுபடி வரை, துண்டு இடுப்பில் இருக்கட்டும், இல்லையென்றால் வேறு வேலை பார் என்று சொல்லிவிட்டார்.

மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்தேன். அப்பாவின் முகம் போக ஒரு காலைப்பொழுது ஆயிற்று. இடது கை என் தப்பு, அதற்கு வெட்கப்பட்டேன். துண்டு தப்பில்லை. மறுபடி வரைந்தேன். கருப்பட்டி வலது கைக்கு வந்தது, துண்டு தோளிலேயே இருந்தது.

மறுபடி அடித்த தாளையும் மானேஜர் பார்த்தார். மகனுக்குப் புத்தி சொல்லட்டும் என்று ஆளனுப்பி அப்பாவை வரவழைத்தார். அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். யார் சொல்லியும் கேட்காதவன், அவர் ஒரு வார்த்தை சொன்னால் துண்டை இறக்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"ஒம்ம மகன் வரைஞ்சதைப் பாரும்" என்று மானேஜர் தாளை நீட்டினார்.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "இது என் பெட்டியில்லா? வாரு அறுந்து முடிச்சுப் போட்டது..." என்றார். விரலால் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"துவர்த்து கெடக்க எடம் சரியா? நீரே சொல்லும்."

"படத்துல சரியாத்தான் கெடக்கு ஐயா." அப்பா இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நாந்தான் மாத்திக் கெட்டியிருக்கேன்."

மானேஜர் தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "அடிச்சுத் தொலை" என்று மட்டும் சொன்னார்.

படம் வந்தது. சில பள்ளிக்கூடங்களில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம். கிழிக்கட்டும். முப்பதுகள் முழுக்க நான் எத்தனையோ புத்தகங்களுக்கு வரைந்தேன், ஒன்றிலும் துண்டை இறக்கவில்லை.

ஆனால் அப்பா அச்சுக்கூடத்துக்கு வந்த அன்று சாயங்காலம் எங்களுக்கு ஊர் திரும்பப் பண்ணையார் தெரு ஒன்றே வழி. ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பண்ணையார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கை தோளுக்குப் போனது. நான் நின்றுவிட்டேன். காற்றில் நழுவிய துண்டை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு அப்பா நடந்தார்.