மூன்று செபத்து நேரம்

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னால்தான் ஐஸ் ஆலையின் மோட்டார் ஓடும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். இன்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஆலைகளின் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியபோது, இடிக்கப்பட்டுவிட்ட அந்த ஆலையும், அதன் ஆபரேட்டராக இருந்து, கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு, செபம் முடியும்வரை மோட்டார் பெல்ட்டைச் சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும் அப்பாவும் நினைவில் எழுந்தார்கள்.

“செபத்துக்கா ஓடுது அண்ணாச்சி? டைமர்ல ரெசிஸ்டர் வழியா கண்டென்சர்ல கரண்ட் மெதுவா நெறையுது. நெறஞ்சாத்தான் ரிலே தட்டி மோட்டார ஓட விடும்” என்பார் மெக்கானிக் சூசை.

“நெறையட்டும்லே. அதுவர நான் செபம் சொல்லுதேன்” என்பார் அப்பா.

ஒருநாள், கெட்டுப்போன ரெசிஸ்டருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த, மின்தடை குறைந்த வேறொன்றை மாட்டிய சூசை, அதை அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டார். கண்டென்சர் விரைவாக நிறைந்தது. முதல் செபத்தின் பாதியிலேயே ஓடத் தொடங்கிய பெல்ட், அப்பாவின் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் சூசை தேம்பி அழுதார்.

“ஏலே, மாதாவுக்கே அவசரம் காட்டிட்டியேலே” என்று சிரித்தார் அப்பா. அதன்பின் அதைப் பற்றி அவர் பேசியதேயில்லை.

அப்பா இப்போது இல்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து சூசை எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள்.