அழிந்துபோன பன்னிரண்டு பெயர்கள்

போன சனிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. வானியல் என்றால் எனக்கு பௌர்ணமியும் அமாவாசையும்தான். ஆனாலும் போனேன் — பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கூப்பிட்டாள். வடமதுரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவள்.

மேடையில் ஒரு பேராசிரியர். டெலஸ்கோப் படங்களை வைத்து நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் திரையில் காட்டினார்.

"முழுக்க முழுக்க எங்கள் துறையின் உருவாக்கம்!"

ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். ஸ்டெல்லா தட்டவில்லை.

"என்னடி?"

"அக்கா, அது நாங்க எழுதுனது. பன்னெண்டு பேரு. பாதிப் பேரு எந்த நாடுன்னுகூட எனக்குத் தெரியாது. மூணு வருசமாச் சேந்து எழுதுனோம்..."

ஓப்பன் சோர்ஸாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஒரே நிபந்தனை — எழுதியவர்களின் பெயரை அழிக்கக் கூடாது. இதுகூடவா கஷ்டம்?

கேள்வி நேரத்தில் ஸ்டெல்லா எழுந்து விஷயத்தைச் சொன்னாள். 

அவர் சிரித்தார். "எல்லாருக்கும் பொதுவானதுதானேம்மா? இதுல உன் பேரு, என் பேருன்னு எதுக்கு?"

அப்படியானால் அவர் பெயர் மட்டும் திரையில் முதல் பக்கத்தில் அத்தனை பெரிதாக எதற்கு? நம்மிடம் 'பொது' என்றாலே, முதலில் மைக் பிடித்தவருடையது என்று அர்த்தமாகிவிட்டது!

ஸ்டெல்லா உட்காரவில்லை. 

"சார், பேருக்குக் கீழ ஒரு குறிப்பு இருந்துச்சு. அதையும் சேத்து அழிச்சுட்டீங்க. மங்கலான நட்சத்திரத்துக்கு இந்தக் கணக்கு தப்பா வரும்னு எழுதிருந்தோம். இப்ப நீங்க காட்டுனது அம்புட்டும் மங்கல் நட்சத்திரம்."

முன்வரிசையில் ஒருவர் செல்போனில் அந்த சாஃப்ட்வேரை இவர்கள் முதலில் இணையத்தில் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தார். குறிப்பு இருந்தது. பன்னிரண்டு பெயர்களும் இருந்தன. நான்காவது, ஸ்டெல்லா.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். "சரிம்மா... கடைசில ஒரு நன்றி போட்டுடறோம்."

"நன்றி வேணாம் சார். பன்னெண்டு பேரையும் திருப்பிப் போடுங்க. அந்தக் குறிப்பையும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "பயமா இல்லையாடி?"

"இருந்துச்சுக்கா. ஆனா, அந்தத் தப்பான அளவை வச்சு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணிட்டா?"

எனக்கு அவள் பெயர் போனதில் கோபம். அவளுக்கு அளவு தப்பானதில் கவலை.

வியாழக்கிழமை பேராசிரியரிடமிருந்து அவளுக்கு மெயில் வந்தது. பெயர்களும் குறிப்பும் திரும்பிவிட்டனவாம். விடுபட்டதற்குக் காரணம் — தட்டச்சுப் பிழையாம்.

பன்னிரண்டு பேரை விழுங்கிவிட்டு, தன் பெயரை மட்டும் எழுத்துப் பிசகாமல் அடித்துவைக்கிற பிழை!