கேட்டுல இருந்து வந்த நம்பர்

நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க இப்பவே எழுந்து போய்ட்டே இருங்க. ராத்திரி இல்ல, சுடுகாடு இல்ல, புளியமரமும் இல்ல. ஆம்பூர்ல, போன மே மாசம், ஞாயித்துக்கிழமை மூணு மணி வெயில்ல நடந்தது இது. நடந்தது கிறிஸ்டினாவுக்கு. எங்க ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறா. ஒரு தையல் கோணலா இருந்தாக்கூட ஷூவைத் திருப்பி அனுப்பறவ. இல்லாததை இருக்குன்னு சொல்ற ஆள் கிடையாது.

அவ அப்பா ஜெயசீலன் ரயில்வே கேட்கீப்பர். வண்டி வர்றதுக்கு முன்னாடி ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவார். இவர் கேட்டை மூடிட்டு, தன் ஷீட்ல இருக்கற அடுத்த நம்பரைச் சொல்லுவார். சொன்ன நம்பரைக் கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல டைம் எழுதி வெப்பார். அந்த நம்பர் வந்தாத்தான் வண்டியை விடணும், அதான் ரூல். பதினோரு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம், மணி 16.52. கேட் தொறந்து கெடக்க, எக்ஸ்பிரஸ் வந்துச்சு. தோல் பதப்படுத்தற ஷாப்புல வேலை முடிஞ்சு ஷேர் ஆட்டோவுல வந்த ரெண்டு பொம்பளைங்க அங்கயே போய்ட்டாங்க.

கேட்கீப்பர் எனக்கு இருபத்தெட்டுன்னு நம்பர் கொடுத்தான்னு ஸ்டேஷன் மாஸ்டர் வீரபாகு எழுதிக் கொடுத்துட்டார். போனே அடிக்கலன்னு ஜெயசீலன் தலபாடா அடிச்சுக்கிட்டார். என் ஷீட்ல இருபத்தெட்டே இல்ல சார், பாருங்கன்னு நீட்டினார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பன்னு, அதைப் பிரிச்சுக்கூடப் பாக்காம வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. மூணாம் வருஷம் நெஞ்சுவலியில செத்தார். அந்த ஷீட் இன்னும் அவர் தகரப் பெட்டியில, பைபிளுக்குள்ள இருக்கு. அடுத்து சொல்லவேண்டிய நம்பர் அறுபத்து மூணு. அடிக்காம அப்படியே இருக்கு. அது கிறிஸ்டினாவைத் தவிர உசிரோட இருக்கற யாருக்கும் தெரியாது. ஊர் வாயில மட்டும் அவர் ரெண்டு பேரைக் கொன்னவர். கேக்கற உங்களுக்கே வயிறு எரியுதா இல்லையா?

இப்ப அந்த வீரபாகு ரிட்டயர் ஆகி, மாடியில மாடல் ரயில் ஓட்டறார். பொம்மைன்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும். டைம்டேபிள், சிக்னல், போன், ரெஜிஸ்டர் எல்லாம் நிஜம் மாதிரியே. கடிகாரம்கூட நாலு மடங்கு வேகம். நம்ம ஒரு நிமிஷம் அங்க நாலு நிமிஷம். அவர் ஸ்டேஷன் மாஸ்டர். எங்க கம்பெனி மெயின்டனன்ஸ்ல இருக்கற ஷபீ அஹமது டிரைவர். கேட்டுக்கு உக்கார்ற ஆள் கல்யாணத்துக்குப் போய்ட்டாருன்னு ஷபீ கிறிஸ்டினாவைக் கூப்பிட்டார். வீடு யாருதுன்னு கேட்டதும் வர்றேன்னுட்டா. தான் யாரோட பொண்ணுன்னு மட்டும் சொல்லல.

முன் ரூம்ல ஸ்டேஷன். சுவத்துல ஓட்டை போட்டு, தண்டவாளம் பின் ரூமுக்கு வருது. அங்கதான் கேட். அதே கேட்! அதே நீல பெயிண்ட் அடிச்ச கேட் ரூம், அதே வேப்பமரம். கேட் ரூமுக்குள்ள கட்டைவிரல் உசரத்துக்கு ஒரு ஆள் பொம்மை, கையில பச்சைக் கொடியோட, சுவத்தைப் பாத்து நிக்குது. வாரா வாரம் 16.52 எக்ஸ்பிரஸை நம்பர் வாங்கி, எழுதி, பத்திரமா அனுப்புவாராம் வீரபாகு. ஷபீ ரெண்டு செகண்டு முன்னாடி வண்டியை எடுத்ததுக்கு, ரூல்னா ரூல்தான்னு கத்தறார். படிக்கறது ராமாயணம், இடிக்கறது பெருமாள் கோயில். அவளுக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

2.34க்கு, அந்தக் கடிகாரத்தை 14.00ல வெச்சு ஆரம்பிச்சாங்க. போன் அடிக்கும். அவ கையால கேட்டை இறக்கி, அவர் கொடுத்த ஷீட்டைப் பாத்து நம்பர் சொல்லுவா. மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான். எக்ஸ்பிரஸ் வரும்போது போன் ஒயரைப் புடுங்கிடணும். நம்பர் வராம இந்த ஆள் வண்டியை விடறாரா, பாத்துடணும். விட்டா, ஷபீ முன்னாடியே அவர் வேஷத்தைக் கிழிச்சுடணும்.

3.05. பீடி வாசனை. யாரும் பீடி குடிக்கல.

3.09. முதுகுக்குப் பின்னாடி யாரோ தொண்டையைச் செருமினாங்க. திரும்பினா சுவர்தான் இருக்கு.

3.12. கேட் ரூம்ல இருந்த ஆள் கொஞ்சம் திரும்பியிருக்கு. வண்டி அதிர்ச்சியில திரும்பியிருக்கும்னு நெனச்சா.

3.14. போன்ல இருந்தும் சுவத்துல இருந்தும் ஒயரைப் புடுங்கினா. ரெண்டு முனையும் அவ கையில. கேட் தொறந்திருக்கு.

3.16. அந்தக் கடிகாரத்துல 16.48. முன் ரூம்ல வீரபாகு போனை எடுக்கற சத்தம். இங்க மணி அடிக்கல. எப்படி அடிக்கும்?

"கேட்... எக்ஸ்பிரஸ் வருது. மூடிட்டு நம்பர் சொல்லு."

மாட்டினான்னு அவ பல்லைக் கடிச்சா.

முன் ரூம்ல பேனா மூடி தொறக்கற சத்தம்...

அப்புறம் அவர் குரல். காதுல கேட்டதைத் திருப்பிச் சொல்ற மாதிரி.

"அறுபத்து மூணு."

டக்.

கேட் இறங்குச்சு. அவ தொடல.

கேட் ரூம்ல ஆள் இல்ல...

வெளிய நிக்குது. தண்டவாளத்தைப் பாத்து.

தடக்... தடக்... தடக்...

எக்ஸ்பிரஸ் போச்சு. 16.52.

ஒயரைக் கையில புடிச்சபடியே அவ முன் ரூமுக்கு ஓடினா. வீரபாகு காதுல இருந்து போனை எடுக்கல. ஷபீக்கும் அதே லைன்ல ஒரு ரிசீவர்; அவரும் கேட்டிருக்கார். அவ கையில ஒயரைப் பாத்ததும் ஷபீ ரிசீவரைக் கீழ வெச்சார். ஆம்பளக் குரல்மா, தொண்டையைச் செருமிட்டுப் பேசுச்சுன்னார்.

"இன்னா பேசுச்சு?"

"'இன்னைக்குத்தான் சார் போன் பண்ணீங்க'ன்னுச்சு. அப்புறம் நம்பர் சொல்லுச்சு."

"நான் ஜெயசீலன் பொண்ணு"ன்னா கிறிஸ்டினா.

வீரபாகு அப்படியே தரையில உக்காந்துட்டார். "அன்னைக்கு நான் போன் பண்ணலம்மா. மறந்துட்டேன். பயத்துல ஒரு நம்பரை எழுதிட்டேன்."

அழுதார். அவளுக்கு எரக்கம் வரல. ஏன் வரணும்? அந்த ரெஜிஸ்டர்லயே, அறுபத்து மூணுக்குக் கீழ, அதை எழுத வெச்சு கையெழுத்து வாங்கினா. ஷபீ சாட்சி போட்டார்.

வீட்டுக்கு வந்தப்ப 5.10. தகரப் பெட்டி பூட்டியே இருந்துச்சு. சாவி அவ கழுத்துச் செயின்ல. தொறந்து, பைபிளுக்குள்ள இருந்த ஷீட்டைப் பிரிச்சா.

அறுபத்து மூணு அடிச்சிருந்துச்சு. பக்கத்துல, அவங்க அப்பா கையெழுத்துல, 16.48.

தொட்டுப் பாத்தா. விரல்ல மை ஒட்டுச்சு.