லிவரை இழுத்த கை

மிக்சர் மிஷின் ஜல்லியைப் புரட்டும் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்று அது புரளவில்லை. துணி சிக்கியதுபோல ஒரு கணம் திணறியது. நான் லிவரை விடுவதற்குள் அக்கா கத்திவிட்டாள்.

2006. சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையோரம் வரிசையாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மிஷின் ஓட்டினேன். குமராட்சிப் பக்கம் வெள்ளத்தில் பயிர் அழுகி, வயல்வேலை இல்லாமல் வந்த பெண்களில் அக்காவும் ஒருத்தி. உறவு ஒன்றும் கிடையாது. எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, டிரம் மட்டும் நின்றிருந்தது; லிவரை இழுத்தால்தான் அது சுற்றும். டிரம்மைச் சுற்றியுள்ள பல்சக்கரத்தில் காய்ந்து ஒட்டிய சிமெண்டை அந்தப் பக்கம் குந்தியபடி அவள் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மாடியிலிருந்து இன்ஜினியர் சீக்கிரம் என்று கை காட்டினார். நான் சுற்றிப் பார்க்கவில்லை. இழுத்தேன். அவளது வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி என் தோளைப் பிடித்து, "ஓடுற மிஷின்ல முந்தானை மாட்டிக்கிச்சு. அவ்ளோதான், புரியுதா?" என்றார். தலையாட்டினேன். போலீஸ்காரர் கேட்டபோது அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு அதையேதான் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "ஒனக்காவ சொல்லல தம்பி. எங்க ஊரு பொம்பளைங்க பன்னெண்டு பேரு மேஸ்திரிகிட்ட வேல செஞ்சாங்க. கேசுன்னு ஆயிருந்தா அத்தன பேரையும் நிறுத்தியிருப்பாரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மாதம் ஒருமுறை சிதம்பரம் போய், மினிபஸ் மாறி அவள் வீட்டுக்குப் போவேன். முதல் தடவை ஆரஞ்சு வாங்கிப்போனேன். அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். உரிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தேன். ஜாக்கெட் கொக்கியை மகள்தான் மாட்டிவிடுவாள். இடது கையால் சாப்பிட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். "இல்லாத வெரலு அரிக்குது தம்பி, எங்கன்னு சொறியறது?" என்பாள். நான் அழுவேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

மூன்றாம் வருஷம், நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "இனிமே வராத தம்பி. நீ வந்தா ஒன்ன நான் தேத்த வேண்டியிருக்கு. ஓஞ்சி போறேன்" என்றாள். மினிபஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றிருந்தேன். அதன்பிறகு போகவில்லை.

வேறு வேலை தெரியாததால் மிஷினை விடவும் இல்லை. ஆனால் லிவரைத் தொடுவதற்கு முன், "எல்லாரும் கையக் காட்டுங்க" என்று கத்துவேன். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், மேஸ்திரிகள் நேரம் போகிறதே என்று திட்டுவார்கள். நான் எண்ணி முடிக்காமல் இழுத்ததில்லை.

2012இல், புயலில் கூரை போனவர்களுக்கு வீடு கட்டும் வேலைக்காக மிஷினைக் குமராட்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். யார் வீடு என்று சொல்லவில்லை. தெருவுக்குள் திரும்பியபோதுதான் தெரிந்தது. அக்கா முன்தலை நரைத்து, வாசலில் மகளோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜல்லியும் மணலும் சிமெண்டும் கொட்டி, தண்ணீரும் ஊற்றியாயிற்று. "எல்லாரும் கையக் காட்டுங்க" என்று கத்தினேன். வேலைக்காரர்கள் கையைத் தூக்கினார்கள். எண்ணிக்கொண்டே வந்தவன் வாசலைப் பார்த்து நின்றுவிட்டேன். அக்காவும் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். முந்தானைக்குள் மறைத்தே வைத்திருக்கும் அந்த வலது கையையும்.

என்னால் லிவரைத் தொட முடியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பாத்துட்டல்ல?" என்றாள். "இழு தம்பி. சிமெண்டு எறுகுது."

இழுத்தேன்.