திற்பரப்பில் மூன்று வாரம்: அருவிக் குளியலும் சம்பாக் கஞ்சியும்

சென்ற புரட்டாசியில் நானும் என் மனைவி கிருபையும் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு, திருவிதாங்கூர் எல்லைக்குள் திற்பரப்பு அருவிக்கரையில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தோம். வேடிக்கை பார்க்கப் போன பயணம் அல்ல. மாசி மாதம் கிருபைக்கு விஷக் காய்ச்சல் கண்டு, நாற்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். காய்ச்சல் விட்டது, பலம் திரும்பவில்லை. வைகாசியில் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். ஆனியில் பாதம் மரத்துவிட்டது. சாயங்காலமானால் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஆவணி பிறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுக்களைக்குப் போனாள், அதற்கே மூச்சு வாங்கியது. எங்கள் டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இடம் மாறி இருந்து அருவியில் குளிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கல்யாணமாகி ஆறு வருஷம், அவளுக்கு வயது இருபத்தேழு. நான் பயந்துவிட்டேன். பள்ளி விடுமுறையோடு பத்து நாள் லீவும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பள்ளியில் சித்திரமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்கிறவன். சாப்பாட்டு விஷயத்தில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. நோயாளிக்கு லேசான ஆகாரம் வேண்டும். வெள்ளையாக இருப்பது லேசானது. அதனால் மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியை ஏழு தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பயறு, பருப்பு வாயு. மீன் சூடு. காப்பி விஷம். நடுவில் ஜவ்வரிசிக் கஞ்சியும் இரண்டு பிஸ்கோத்தும் போதும். பங்குனி முதல் கிருபைக்கு இதுதான் சாப்பாடு. சமையல்காரியிடம் விடாமல் அரிசியை நானே கழுவுவேன். அத்தனை அக்கறை.

காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினோம். நாகர்கோவில் ஐம்பது மைல், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். வலது பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், மலை அந்தப் பக்கம்தான் கூட வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸையே உலுக்கியது. அங்கே சுங்கச் சாவடியில் எல்லோரையும் இறக்கி மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள், அரைமணி போகும். எங்கள் மூட்டையில் பன்னிரண்டு படி மில் அரிசி இருந்தது. சோதனை செய்த உத்தியோகஸ்தர் அதில் கையை விட்டு அளைந்துவிட்டு, நாஞ்சில் நாட்டுக்கு அரிசி கட்டிக்கொண்டு வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். இது சாதாரண அரிசி இல்லை என்று நான் ஐந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பத்தரை மணிக்கு நாகர்கோவில். அன்று அங்கேயே தங்கி, மறுநாள் காலை ஒரு குதிரை வண்டி பேசி மூன்றரை மைல் தள்ளியுள்ள சுசீந்திரம் போய் வந்தோம். கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் வண்டியில் இருந்தபடியே பார்த்தோம், கிருபையால் இறங்க முடியவில்லை. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து அறுப்புக்காரப் பெண்கள் கலயத்திலிருந்து சிவந்த கஞ்சியை ஊற்றிக் குடித்தார்கள், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. கிருபை வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். அவள் வயலைப் பார்க்கிறாள் என்று நினைத்து, விளைச்சலைப் பற்றி நான் பேசிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு தக்கலை பஸ். பத்து மைல், ஒன்பது சக்கரம். (சக்கரம் என்பது திருவிதாங்கூர்க் காசு. அவர்கள் சர்க்கார் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். நம் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடக் கிடைக்கும், விடாமல் கேளுங்கள்.) அங்கிருந்து குலசேகரம் ஒன்பது மைல், எட்டுச் சக்கரம். வழியில் நல்ல மழை. பஸ் கூரைமேல் இருந்த அரிசி மூட்டை நனைந்துவிட்டது. குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்கு மூன்று மைல் மாட்டுவண்டி. இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிருபையின் கால்கள் முழங்கால்வரை வீங்கியிருந்தன. வண்டிக்காரரும் நானுமாக அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனோம்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஞானப்பூ. நாற்பது வயதிருக்கும். புருஷன் மலைத்தோட்டத்தில் கங்காணி, மாதம் ஒருமுறை வருவார். அரை ஏக்கர் மரச்சீனி (நம் ஊர் மரவள்ளிதான்), பத்துத் தென்னை, கொஞ்சம் நல்லமிளகு. எல்லாம் அந்த அம்மாளே பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்வெட்டியைத் தொடமாட்டார், வேதக்கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுவார். பின்கட்டில் ஒரு அறையும் தனி அடுப்பும் வாரம் ஒன்றரை ரூபாய். சமைத்துப் போடட்டுமா என்று கேட்டார். எங்களுக்குப் பத்தியம், நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றேன். நான் அரிசி கழுவுவதை அவர் நின்று பார்த்தார். கழுவின தண்ணீரைக் கேட்டு வாங்கி மாட்டுக்கு ஊற்றினார்.

அருவியைப் பற்றி: கோதையாறு அகன்ற பாறையில் விரிந்து வந்து ஐம்பதடி விழுகிறது. மழை பெய்த மறுநாள் தண்ணீர் செம்மண் நிறம், அன்று குளிக்காதீர்கள். மற்ற நாட்களில் காலை ஆறிலிருந்து எட்டுவரை நல்ல நேரம், கூட்டம் இராது. தினமும் கிருபையை வண்டியில் கூட்டிப்போய், ஓரத்தில் விழும் சின்னத் தாரையில் கால் நனைய உட்காரவைத்து, அரைமணியில் வீட்டில் கொண்டுவிடுவேன். பிறகு நான் மட்டும் திரும்பிப்போய் இரண்டு மணி நேரம் குளிப்பேன். சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் உள்ள சம்பந்தத்தை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் வீக்கம் கணுக்கால் மட்டும் என்று எழுதினேன். ஏழாம் நாள் அவளே எழுந்து கதவுவரை போனாள். எட்டாம் நாள் மூச்சு வாங்காமல் பேசினாள். எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மூன்று பக்கம் எழுதினேன். பத்தியமும் குளியலும் சேர்ந்தால் எதுவும் சாத்தியம் என்று முடித்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் விடிந்து பார்த்தால், மூட்டையின் அடியில் நனைந்து கிடந்த அரிசி பூசணம் பிடித்துவிட்டது. இனி வெயிலில் காயவைத்தாலும் பிரயோசனமில்லை. தீட்டிய வெள்ளைப் பச்சரிசி வேண்டுமானால் கருங்கல் என்ற ஊரின் சந்தைக்குத்தான் போகவேண்டும் என்று வண்டிக்காரர் சொன்னார். பதினேழு மைல், மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும். என் பெரியப்பா மகன் அங்கே உபதேசியாராக இருக்கிறான், அவனையும் பார்க்கலாம் என்று அன்று காலையிலேயே கிளம்பினேன்.

கருங்கல் சந்தையில் மலைமலையாக மரச்சீனிக் கிழங்கு, கூடைகூடையாகச் சாளை மீன், குலைகுலையாக மட்டி வாழைப்பழம். சுண்டுவிரல் நீளமுள்ள அந்தப் பழத்தை மட்டும் எந்தப் பத்தியத்திலும் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம், இன்றும் மாறவில்லை. அரிசி கிடைத்தது. ஆனால் பிற்பகலில் பிடித்த மழை விடவில்லை. ஆறு பெருகி பஸ் நின்றுவிட்டது. இரண்டு ராத்திரி உபதேசியார் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. அவன் வீட்டில் மத்தியானம் கிழங்கும் மீனும். நான் கிழங்கைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டுப் பழம் மட்டும் தின்றேன். கிருபை மூன்று நாளாக என்ன சாப்பிடுவாள் என்ற கவலையில் எனக்குப் பசியும் இல்லை.

பதினோராம் நாள் பகல் ஒரு மணிக்குத் திற்பரப்பு வந்து சேர்ந்தேன். அறையில் கிருபை இல்லை. ஞானப்பூவின் அடுக்களையில் இருந்தாள். பலகையில் உட்கார்ந்து, பலா இலையைக் கோட்டிச் சம்பா அரிசிக் கஞ்சியைக் கோரிக் கோரிக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேகவைத்த சிறுபயறு, ஒரு சட்டியில் சாளைக் குழம்பு. என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

ஞானப்பூவிடம்தான் முதலில் கோபப்பட்டேன். நோயாளிக்கு இதைக் கொடுக்க உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டேன். அவர் அகப்பையைக் கீழே வைத்தார். "சாரே, பிள்ளைக்க காலில தீனம் ஒண்ணும் இல்ல. வயித்துக்குக் காணாது. பட்டினி கெடக்குது" என்றார்.

மழையில் அகப்பட்ட மூன்று நாள் மட்டும்தானே என்று கிருபையைப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். வந்த மூன்றாம் நாளிலிருந்து, நான் குளிக்கப் போகும் அந்த இரண்டு மணி நேரமும் அவள் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறாள். நான் கொடுத்த சாதத்தைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். என் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் சம்பாக் கஞ்சி செய்த வேலை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "என்ன திங்கணும்னு ஆறு மாசமாச் சொன்னிய. பசிக்கான்னு ஒருநாள் கேட்டியளா?" என்றாள்.

அருவிக்கு நடந்தேன். தண்ணீர் கலங்கி விழுந்துகொண்டிருந்தது, குளிக்கவில்லை. கோபம் முதலில் அந்த அம்மாள்மேல் இருந்தது, பிறகு கிருபைமேல். பாறையில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, ஏழு தண்ணீரில் அரிசி கழுவிய என் கைதான் ஞாபகத்தில் வந்தது. என்னிடம் அவள் ஒளித்துச் சாப்பிடும்படி ஆனதே என்பது அதைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் அவளைக் குலசேகரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது, எல்.எம்.பி. படித்தவர். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். பிறகு மருந்தைப் பற்றி எதுவும் கேட்காமல், என்ன அரிசி என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். இதற்குப் பெரிபெரி என்று பெயர், தவிட்டில் இருக்கும் சத்தைத் தீட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கழுவியும் வடித்தும் கொட்டினால் இப்படித்தான் வரும், இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் இருதயம் நின்றிருக்கலாம் என்றார். இருதயத்தைப் பற்றிய அந்தக் கடைசி வார்த்தையை அவர் கிருபை வெளியே போனபிறகு சொன்னார். மருந்து என்ன என்றேன். கைக்குத்தல் அரிசி, பயறு, கொஞ்சம் மீன், தினம் ஒரு கரண்டி சலித்த தவிடு கருப்பட்டியில் பிசைந்து. குளியல் பற்றிக் கேட்டதற்கு, குளித்தால் அழுக்குப் போகும் என்றார்.

கருங்கல்லில் வாங்கிய அரிசியை ஞானப்பூவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை ஆப்பத்துக்கு அரைத்தார். அதற்கு அது நல்ல அரிசிதான். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கிழங்கு உரிக்கத் தெரியுமா என்று கேட்டு ஒரு கத்தியைக் கொடுத்தார். மீதி நாட்கள் முழுவதும் மூன்று பேரும் ஒரே அடுக்களையில் சாப்பிட்டோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கிருபை வண்டி வேண்டாம் என்றாள். வீட்டிலிருந்து அருவி இரண்டு பர்லாங். நடுவில் இரண்டு தடவை நின்றாள், என் தோளைப் பிடித்தாள், ஆனால் நடந்தே போனாள். அன்று பெரிய தாரையிலேயே தலையைக் கொடுத்து நின்றாள். பாதத்தில் மரப்பு இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. தைக்குள் போய்விடும் என்கிறார் குலசேகரம் டாக்டர்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புரட்டாசிக்குக் குடை அவசியம், மூட்டையைப் பஸ் கூரையில் போடவிடாதீர்கள். குலசேகரத்துக்கு அப்பால் வண்டி பேசும்போது திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சாப்பாட்டைத் தைரியமாகச் சாப்பிடுங்கள். சம்பா அரிசி முதல் நாள் கடினமாகத் தெரியும், நன்றாக மென்றால் சரியாகிவிடும். மரச்சீனியை வெறுமே தின்று வயிற்றை நிரப்பாதீர்கள். மீனோ பயறோ உடன் வேண்டும். இதில் டாக்டரும் என் கட்சி. காப்பி கூடாது என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். கிருபை கருப்பட்டி போட்டு தினம் ஒரு டம்ளர் குடிக்கிறாள், நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஊர் திரும்பியபோது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு கடிதம் காத்திருந்தது. எழுதியவர் ஆனி மாதம் நான் செய்த ஒரு சுகாதாரப் பிரசங்கத்தைக் கேட்டவராம். காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கைக்கு நான் சொன்ன வெள்ளைப் பத்தியத்தை மூன்று மாதமாக ஒழுங்காகக் கொடுத்துவருவதாகவும், கால் சற்றே வீங்குவதால் இன்னும் என்ன குறைக்கலாம் என்றும் கேட்டிருந்தார். தபாலில் பதில் எழுத மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லி, நான் சொன்னது தப்பு என்று அவர் வீட்டார் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இல்லை. பிறகு உள்ளே போய், கட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் அண்ணனை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"கருவாடு" என்றாள்.